ஏதன்ஸிலிருந்து நான்கு மணி நேரம்

அலோர் ஸ்டார்
11-4-2603

அன்புள்ள அழகம்மாவுக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உனக்கு வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

மேலே போட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்துத் திகைக்காதே. 1943 என்று எழுதினால் தபாலாபீசில் வாங்குவதில்லை. ஜப்பான்காரர்கள் கணக்கில் இது 2603.

பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவது வழக்கம்தான். அம்மா இல்லாததால் அய்யாவு மச்சான் வீட்டுக்குப் போனதும் சரிதான். ஆனால் நாலாம் மாதத்திலேயே யாரும் போவதில்லை. போகிறவர்கள் பெட்டியிலுள்ள எல்லாச் சேலைகளையும் எடுத்துக்கொண்டு போவதுமில்லை. நீ திரும்பி வருவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. இப்போது கேட்டுவிட்டேன்.

விமானத் திடலில் எனக்கு இப்போது கல் சுமக்கிற வேலை. நான் விமான நேரம் எழுதிய கரும்பலகை இருந்த அறையில் யார் யாரோ இருக்கிறார்கள். அதைப் பற்றி அதிகம் எழுதக்கூடாது, கடிதங்களைத் திறந்து பார்க்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மூன்று நாள் பாஸ் கிடைத்திருக்கிறது. மே முதல் தேதி ரயிலில் சுங்கைப்பட்டாணி போய் அங்கே தங்குவேன். இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கரியில் ஓடும் பஸ் பாலிங்குக்குப் பன்னிரண்டு மணிக்கு வரும். அதே பஸ் ஒரு மணிக்குத் திரும்பும். அதில் நான் ஏறியே ஆகவேண்டும், அதை விட்டால் மூன்று நாளைக்கு வேறு பஸ் இல்லை. ரப்பர் தோட்டம் வரை வந்துபோக நேரம் போதாது. நீ பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். எழுபது மைலுக்குப் போகவர மூன்று நாள், நடுவில் ஒரு மணி நேரம்.

நீ வந்தால், நம் வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் உனக்கு இன்னும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன். வராவிட்டால் இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்.

தர்மலிங்கம்

*

பாலிங், நாலாம் டிவிஷன்
சுபானு வருஷம், சித்திரை 10

தர்மலிங்கம் அவர்களுக்கு,

மூன்று கடிதமும் வந்தன. முதல் கடிதம் மழையில் நனைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். தோட்டத்திலிருந்து நாலு மைல். பன்னிரண்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவேன். அண்ணி செல்லாயி, "ஏழு மாச வயித்தைத் தூக்கிக்கிட்டு நீ நடக்கணுமா? ஆம்பளைக்குக் காலு இல்லியா?" என்கிறாள். நடக்கத்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வராமல் போனால் காரணம் எழுதி அனுப்பாதீர்கள். நீங்கள் சொன்ன ஒரு காரணம் ஐந்து வருஷமாக எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. நம் பையன் பிறந்த ஒன்பதாம் நாள் காய்ச்சலில் துடித்து மத்தியானம் மூன்று மணிக்குப் போனான். நீங்கள் அந்தி சாய்ந்து வந்தீர்கள். ஏதன்ஸ் என்ற ஊருக்கும் அலெக்சாந்திரியா என்ற ஊருக்கும் நடுவில் புயல், நாலு மணி நேரத்தில் தாண்டவேண்டிய கடல், அதனால் விமானம் பிந்திவிட்டது, திடலை விட்டு நகர முடியவில்லை என்றீர்கள். அந்த ஊர்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றைத் திட்டாமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

இந்தப் பிள்ளையும் அந்த வீட்டில் பிறந்தால் என்ன ஆகுமோ என்றுதான் சேலைகளை எடுத்துக்கொண்டு வந்தேன். கேட்டதால் சொல்கிறேன்.

அழகம்மா

*

அலோர் ஸ்டார்
4-5-2603

அழகம்மாவுக்கு,

பஸ் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தது. இந்தக் காலத்தில் அது ஒரு அதிசயம். ஒரு மணிக்குத் திரும்பியது. அந்த அறுபது நிமிஷமும் பஸ் நிற்கும் இடத்து அங்சானா மரத்தடியில் நின்றேன். உன் தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பெண்கள் வந்தார்கள். நாலாவதாக வந்தவள் நடை உன் நடை மாதிரி இருந்தது. கிட்டே வந்ததும் சீன அம்மா என்று தெரிந்தது.

மரத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் காக்கா கோப்பிக் கடை வைத்திருக்கிறார். "பொஞ்சாதி வரலையா தம்பி? கோவமா இருப்பா லா. உக்காரு, கோப்பி குடி. சீனி மட்டும் கேட்டுடாதே" என்றார். பஸ் கிளம்புகிற நேரத்தில் அவரும் பலகை போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியாக எனக்கு ஆறுதல் சொன்னவரும் போய்விட்டார் என்று இருந்தது.

உனக்காக ஒரு கெஜம் மல் துணி கொண்டுவந்தேன், பிள்ளைக்குச் சட்டை தைக்க. இங்கே துணி கிடைப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். யாரிடமும் கொடுத்துவிட மனம் வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் ஒரு வரி எழுது. மனம் வராமல் இருந்தால் எழுத வேண்டாம்.

தர்மலிங்கம்

*

பாலிங், நாலாம் டிவிஷன்
சித்திரை 20

தர்மலிங்கம் அவர்களுக்கு,

காரணம் எழுத வேண்டாம் என்று முன்னாடியே சொல்லியிருந்தேன். அதையாவது கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் வந்தேன். தோட்டத்து ஸ்டோர் மணிக்கூட்டில் பத்தரை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஒன்றேகால் மணி நேரம் நடை. பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது அங்சானா மரத்தடிக்கு வந்துவிட்டேன். ரோட்டில் கரிப்புகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. விறகு சுமந்து போன ஒரு மலாய்க்காரர் பஸ் வந்து போய்விட்டது என்றார். முன்கூட்டியே வந்து போயிருக்கும், உங்களை இறக்கிவிட்டுத்தான் போயிருக்கும் என்று நினைத்து அங்குமிங்கும் தேடினேன். எதிரே இருந்த கோப்பிக் கடை மூடிக் கிடந்தது. இறங்கியிருந்தால் எனக்காக நிற்கமாட்டீர்களா? பஸ்ஸில் நீங்கள் வரவே இல்லை என்று பிறகு புரிந்தது.

போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய் விசாரிக்கவில்லை. அங்கே ஜப்பான் சென்ட்ரி காவல் நிற்கிறான். இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். இந்த வயிற்றோடு என்னால் குனிய முடியாது.

மழை பிடித்த பிறகும் நின்றேன். அண்ணன் குடை எடுத்துக்கொண்டு தேடிவந்து கூட்டிப்போனார். வழியெல்லாம் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணிதான் வாசலிலேயே, "என்ன, அந்த ஊர்ல மறுபடியும் புயலா?" என்றாள்.

பிள்ளை பிறந்தால் அண்ணன் சொல்லி அனுப்புவார். நான் திரும்பி வருவதாக இல்லை.

அழகம்மா

*

அலோர் ஸ்டார்
19-5-2603

அழகம்மா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என் கடிதம் இந்நேரம் உன் கையில் இருக்கும். உன் கடிதம் என் முன்னால் இருக்கிறது. இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் நின்றது ஒரே மரத்தடி. நீ பார்த்த புகை என் பஸ்ஸின் புகை.

நீ எழுதியதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்டோர் மணிக்கூடு.

ஜப்பான்காரர்கள் வந்தபோது எல்லா மணிக்கூட்டையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். தோக்கியோவில் என்ன நேரமோ அதுதான் இங்கேயும் நேரம். நம் வீட்டு மணிக்கூட்டை நீதான் நாற்காலி போட்டு ஏறித் திருப்பினாய். ரயில், பஸ், பாஸ் எல்லாம் அந்த நேரம்தான். உன் தோட்டத்தில் யாராவது மணிக்கூட்டைத் திருப்பினார்களா? கேட்டுப் பார். திருப்பவில்லை என்றால், நீ பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னால் வந்தபோது பாலிங்கில் மணி ஒன்றேகால். பஸ் புறப்பட்டு அப்போதுதான் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

தப்பு என்னுடையது. வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். ஆறு வருஷம் நான் என்ன வேலை பார்த்தேன்? லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் உள்ள அட்டவணையைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுகிற வேலை. பிரிண்டிசி என்று இத்தாலியில் ஒரு துறைமுகம். அங்கே பத்து மணிக்குக் கிளம்பும் விமானம் ஏதன்ஸில் ஒன்றரைக்கு இறங்கும் என்று போட்டிருக்கும். மூன்றரை மணி நேரப் பறப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். இல்லை, இரண்டரைதான். முந்நூற்று அறுபது மைல். ஏதன்ஸ் மணிக்கூடு ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் 'எல்லாம் அந்தந்த ஊர் நேரம்' என்று இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் அதை முதலில் சொல்லிக் கொடுத்தது நான்.

என் பெண்சாதிக்குப் பன்னிரண்டு மணி என்று எழுதினேன். எந்த ஊர் நேரம் என்று எழுதவில்லை.

நீ வந்தாய். அது போதும். ஏழு மாதத்தில் நாலு மைல் நடந்து, மழையில் நின்றாய். அதை நினைத்தால் எனக்குக் கல் சுமக்க முடியவில்லை, நினைக்காவிட்டாலும் முடியவில்லை.

தர்மலிங்கம்

*

பாலிங், நாலாம் டிவிஷன்
வைகாசி 20

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டோருக்குப் போனேன். இங்கே கிராணி கனகரத்தினம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மணிக்கூட்டைத் திருப்பினீர்களா என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "ஓம் பிள்ளை, நான்தான் மாத்தேல்லை. பால் வெட்டுறது விடியக் காத்தாலை. ரப்பர் மரத்துக்குத் தோக்கியோ எங்கையெண்டு தெரியுமே? நீ ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை." அவர் நேரப்படிதான் தப்பு மேளம் அடிக்கிறார்கள், அதைக் கேட்டுத்தான் தோட்டம் முழுதும் எழுந்திருக்கிறது, சமைக்கிறது, படுக்கிறது. பாலிங் டவுன் மணிக்கூடு இங்கே இருப்பதைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. பஸ் ஏறி எங்கேயும் போகிறவர்கள் இல்லாததால் தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.

வந்த நாளிலிருந்து பொழுது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எழுப்ப நேரமாகிறதே என்று தோன்றும். பிள்ளை வயிற்றில் இருப்பதால் எனக்குச் சீக்கிரம் விழிப்பு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணியிடம் சொன்னேன். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று புரிந்ததும் அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "ரெண்டு பேரும் ஒரே மரத்தடியில நின்னுட்டு, ஒருத்தரையொருத்தர் பாக்காம வந்து அழுதிருக்கீங்க. ஒங்களுக்கு நல்லா வேணும்" என்றாள். அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மல் துணியை வைத்திருங்கள். எலி கடிக்காத இடத்தில் வையுங்கள்.

இத்தனை கணக்கும் சுத்தமாக எழுதுகிற நீங்கள் இன்னொரு கணக்கையும் எழுதுங்கள். ஏதன்ஸுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் எத்தனை மைல்? நாலு மணி நேரம் என்றீர்களே, அதுவும் ஊர் நேரமா, நிஜ நேரமா? நடுவில் என்ன இருக்கிறது? நான் ஐந்து வருஷமாகத் திட்டும் ஊர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியட்டும்.

அதோடு, அன்றைக்கு அந்த விமானம் அலோர் ஸ்டாருக்கு எத்தனை மணிக்கு வந்தது? நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அழகம்மா

*

அலோர் ஸ்டார்
15-6-2603

அழகம்மா,

இதைத் தபாலில் போடவில்லை. மரவள்ளிக்கிழங்கு ஏற்ற அந்தப் பக்கம் வரும் லாரி முருகையா அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் படிக்கமாட்டார்.

முதலில் நீ கேட்டது. ஏதன்ஸிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு நேர்க்கோட்டில் சுமார் ஐந்நூற்றுத் தொண்ணூறு மைல். நல்ல காற்றில் நாலு மணி நேரம். இரண்டு ஊர் மணிக்கூடும் ஒன்றாகவே ஓடும். ஆகவே நாலு மணி நேரம் என்பது நிஜமாகவே நாலு மணி நேரம். நடுவில் மத்தியதரைக் கடல். முதல் பாதியில் சின்னச் சின்னத் தீவுகள், பிறகு கிரீட் என்ற பெரிய தீவு. அதைத் தாண்டினால் கரை வரும்வரை தண்ணீர்தான். இதெல்லாம் நான் படத்தில் பார்த்தது. விமானத்தில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. நின்றுகொண்டிருந்த விமானத்தின் படியில் ஒரு தடவை ஏறித் தபால் பையை உள்ளே கொடுத்திருக்கிறேன்.

புயல் நிஜம். அவன் போன வியாழக்கிழமைக்கு நாலு நாள் முன்பு அந்தக் கடல்மேல் அடித்தது. விமானம் ஏதன்ஸிலேயே ஒன்றேகால் நாள் நின்றுவிட்டது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அலோர் ஸ்டாருக்கு வரவேண்டியது பிந்தியது. இவ்வளவும் நான் உன்னிடம் சொன்னது, எல்லாம் உண்மை.

சொல்லாதது இது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கே பாங்காக்கிலிருந்து தந்தி வந்துவிட்டது. 'இன்று வராது, நாளை மாலை.' நான்தான் அதை வாங்கிக் கரும்பலகையில் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு வேலை இல்லை. வீடு சைக்கிளில் இருபது நிமிஷம். அலுவலகத்துப் பெரியவர்கூட, "நீ வீட்டுக்குப் போகலாமே, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாயே" என்றார்.

நான் போகவில்லை. முந்தின நாள் முழுதும் அவன் அழுதது காதிலேயே இருந்தது. அந்தக் குரல் குறைந்துகொண்டே வந்ததும் தெரியும். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் மருந்து கொடுத்ததும் தெரியும். வீட்டுக்குப் போனால் அதைப் பார்க்க வேண்டும். பயந்தேன். கரும்பலகையைத் துடைத்துத் துடைத்து மறுபடி எழுதினேன். சைக்கிளை இரண்டு தடவை வெளியே எடுத்து, இரண்டு தடவையும் உள்ளே வைத்தேன். ஆறரை மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினார்கள். வேறு இடம் இல்லாததால் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் உன்னைப் பார்த்ததும் வாயில் வந்தது ஏதன்ஸ். அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்கு நாள் கிடைக்கவில்லை. கிடைத்தது, நான் சொல்லவில்லை.

விமானம் வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு வந்தது.

நீ திரும்பி வர வேண்டாம் என்று முடிவு செய்தால் அது நியாயம். இனி பாஸ் கிடைக்காது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மல் துணியை முருகையா அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். எலி கடிக்கவில்லை.

தர்மலிங்கம்

*

பாலிங், நாலாம் டிவிஷன்
ஆனி 30

மாமாவுக்கு,

ஆனி 22ஆம் தேதி பெண் பிறந்திருக்கிறாள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். அண்ணிதான் கூட இருந்தாள். பிள்ளைக்குத் தலை நிறைய முடி. மூக்கு உங்களுடையது, என்ன செய்வது.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். பிள்ளை பிறந்ததைச் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பதால் இதைக் கிழிக்கப்போவதில்லை.

எனக்கு அந்த ஊர்கள்மேல் இப்போது கோபம் இல்லை. பாவம், அவை என்ன செய்தன? அங்கே இருந்த கோபமெல்லாம் திரும்பி வந்து உங்கள்மேல் நிற்கிறது.

நீங்கள் பயந்தீர்கள். எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு அது தெரிகிறது. சைக்கிளை வெளியே எடுத்து உள்ளே வைத்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. நானும்தான் பயந்தேன், மாமா. ஆனால் எனக்குப் போய் உட்கார ஒரு திடல் இல்லை. அவன் என் மடியில் இருந்தான்.

சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று இரண்டு நாள் நினைத்தேன். அப்புறம், சொல்லாமல் இருந்திருந்தால் நான் சாகும்வரை புயலோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. ஆளோடு சண்டை போடுவது மேல். பதில் கிடைக்கும்.

மல் துணியில் இரண்டு சட்டை வந்தது. மிச்சத்தில் ஒரு குல்லாய்.

அழகம்மா

*

அலோர் ஸ்டார்
9-8-2603

அழகம்மா,

உன்னிடமிருந்து கிளம்பி நல்லபடியாக வந்து சேர்ந்தேன். லாரியில் கிழங்குச் சாக்குகளுக்கு அடியில் படுத்து வந்தது நடந்து வந்ததைவிடக் கஷ்டம். முருகையா அண்ணன் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பாடினார். அவருக்குப் பாட வராது.

இங்கே ஏழு நாள் வேலைக்கு வராததற்குத் தண்டனை கொடுத்தார்கள். ஒரு கல்லைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும், இரண்டு நாள். முடிந்துவிட்டது. கை வலி மட்டும் இருக்கிறது, எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். நீ கவலைப்பட வேண்டாம்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். யோசித்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும். ஜெனியாங், சீக் வழியாக மூன்று நாள். பெரிய ரோட்டில் நடந்தால் பிடித்து சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று சொன்னார்கள். அதனால் பெரும்பாலும் மலாய்க் கிராமங்கள் ஊடாகக் கம்பத்துப் பாதை. ஒரு மலாய்க்கார அம்மா கிழங்கு அவித்துக் கொடுத்து, "அனாக் பாரு?" என்று கேட்டார். ஆமாம், புதுப் பிள்ளை என்றேன். முகத்திலேயே தெரிகிறது என்று கைஜாடை காட்டினார்.

நான் வந்து வாசலில் நின்றேன். பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டாய். அண்ணிகூட, "பச்ச ஒடம்புக்காரி, எங்கடி போற?" என்று பின்னாலேயே ஓடினாள். நீ எதற்காகப் போனாய் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழ ஆரம்பித்தாள். கூப்பிட யாரும் இல்லை. தோளில் போட்டுக்கொண்டு லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தேன். ஏற்கனவே மூன்று நாள் நடந்த கால், இன்னும் கொஞ்சம் நடந்தது. எப்போது அழுகை நின்றது என்று தெரியவில்லை. நீ வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தர்மலிங்கம்

*

பாலிங், நாலாம் டிவிஷன்
ஆவணி 6

மாமாவுக்கு,

கல் பிடித்து நின்றதை இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள். முருகையா அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேப்பெண்ணெய் அனுப்பியிருக்கிறேன், கைக்குத் தடவுங்கள்.

நீங்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டுத் தடவை லயத்துக்கு முன்னால் நடந்தீர்கள். நான் முழு நேரமும் வேலி ஓரத்தில்தான் இருந்தேன். ஒரு கிழங்கும் வெட்டவில்லை. எங்கேயாவது பிள்ளையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விடுவீர்களோ என்று பார்த்தேன். போயிருந்தால் அப்படியே உங்களை அனுப்பிவிட்டிருப்பேன். வந்த அன்றும் சரி, இருந்த இரண்டு நாளும் சரி, நான் அதிகம் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் பாதிதான். மீதி, வழியில் உங்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் என்ற பயம். இனி அந்த மாதிரி நடந்து வரக்கூடாது.

நான் வருகிறேன்.

கனகரத்தினம் ஐயா தெரிந்தவரைப் பிடித்து, அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் காட்டப் போவதாக எனக்குப் பாஸ் வாங்கிவிட்டார். முருகையா அண்ணன் முன்சீட்டில் இடம் தருகிறேன் என்றார். அடுத்த நடையில் வருவோம். அண்ணிக்கு மனசே இல்லை. "மூணாம் மாசம் புருஷன் வந்து முறையா அழைச்சிட்டுப் போகணும். நீயா பொட்டியைத் தூக்கிட்டுப் போனா லயமே சிரிக்கும்டி" என்றாள். "அவர்தான் வந்தாரே அண்ணி, அழைக்கத் தெரியாம திரும்பிப் போயிட்டாரு" என்றேன். அண்ணன் போய்ப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். எல்லாச் சேலைகளும் அதில் இருக்கின்றன.

வீட்டைச் சுத்தம் செய்து வையுங்கள். கொல்லைப் பக்கக் கதவின் தாழ்ப்பாள் ஆடும், அதைச் சரி செய்யுங்கள். கொசுவலை கிழிந்திருந்தால் தைக்க வேண்டாம், நீங்கள் தைத்தால் ஓட்டை பெரிதாகும், நான் பார்த்துக்கொள்கிறேன். பெயர் இன்னும் வைக்கவில்லை. நீங்கள் இரண்டு பெயர் யோசித்து வையுங்கள், இரண்டும் வேண்டாம் என்று நான் சொல்வேன், அப்புறம் ஒன்றை வைப்போம்.

இவளுக்கு அந்திப் பொழுதில் வயிறு வலித்து ஒரு பாடு அழுகை வரும். காய்ச்சல் இல்லை, தொட்டுப் பார்த்தால் தெரியும். பயப்பட வேண்டாம். பயமாக இருந்தாலும் வெளியே போகக்கூடாது. அது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது. அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வாருங்கள். நான் அங்கே கிழங்கு அவித்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்.

அழகம்மா